குறைக் கொப்பியும் கிட்ஹப்பும்: ஒரு பிள்ளையிடம் நாங்கள் கேட்ட மன்னிப்பு

 

கொஞ்சம் நீளமான பதிவு. கணினி சம்பந்தப்பட்டது என்று பார்த்தவுடன் தாண்டிப் போய்விடாதீர்கள். எங்கள் வட்டக்கச்சிப் பிள்ளைகள் வாசிக்கிற புத்தகங்கள் சம்பந்தப்பட்டது. நாங்கள் விட்ட ஒரு பிழையும் இதில் இருக்கிறது. அதை ஒளிக்காமல் எழுத வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம்.

எங்களில் சிலர் சேர்ந்து பாடசாலை நூலகத்துக்கு ஒரு சிறிய மென்பொருள் செய்து கொடுத்தது உங்களில் பலருக்குத் தெரியும். எந்தப் புத்தகம் எந்தப் பிள்ளையிடம் போனது, எப்போது திரும்பி வந்தது என்று பதிகிற வேலைதான். இரண்டு பழைய மாணவர்கள் எழுதினார்கள். ஒருவர் கொழும்பில் மென்பொருள் வேலை செய்கிறார், மற்றவர் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற தங்கச்சி. நூலகப் பொறுப்பு ரீச்சர்மார் தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொன்னார்கள். ஓய்வுபெற்ற அதிபர் சேர் ஒருவர் கூட இருந்து வழிகாட்டினார். காசுக்கு விற்கவில்லை. திறந்த மூல மென்பொருள், யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம். மூன்று பாடசாலைகளில் ஓடத் தொடங்கியது. எங்களுக்கு ஒரே பெருமை.

அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளையின் விஷயம் நடந்தது.

தரம் 7 படிக்கிற பிள்ளை. ஒரு கதைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆனால் கணினியில் திருப்பிக் கொடுத்ததாகப் பதிவு இல்லை. "ரீச்சர், நான் குடுத்தனான்" என்று அவள் சொன்னாள். "கொம்பியூட்டரில் இல்லையே பிள்ளை" என்று பதில் வந்தது. இரண்டு கிழமை கழித்துத் தாய் நூலகத்துக்கு வந்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த காசை அவிழ்த்து மேசையில் வைத்தார். அன்றைய கூலிக் காசு. பிள்ளை வெளியே நின்றாள், உள்ளே வரவில்லை. அதற்குப் பிறகு நூலகப் பக்கமே அவள் வரவில்லை.

பதினைந்து நாள் கழித்து அந்தப் புத்தகம் அலுமாரியில், இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது.

என்ன நடந்தது என்று தேடினோம். வழு எங்களுடையது. மென்பொருளைப் பைத்தனில் எழுதி, பதிவுகளை எஸ்கியூலைட் கோப்பு ஒன்றில் சேமித்திருந்தோம். பைத்தனில் இருந்து எஸ்கியூலைட்டுக்கு எழுதும்போது, எழுதியதை "உறுதி செய்" என்று தனியாக ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். கொடுக்கும் வரை அந்தப் பதிவு நிரந்தரமாகாது. நாங்கள் அந்தக் கட்டளையை மென்பொருளை மூடுகிற இடத்தில் மட்டும் வைத்திருந்தோம். கொழும்பில் மடிக்கணினியில் சோதித்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. இங்கே நடுவில் கரண்ட் போனால், காலையில் இருந்து பதிந்த எல்லாம் போய்விடும். பேனையால் எழுதிய லெட்ஜரில் கரண்ட் போய் எழுத்து அழிந்ததாக யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

வழு இருந்தது வெட்கம்தான். ஆனால் எல்லா மென்பொருளிலும் வழு இருக்கும். எங்களைக் கூனிக்குறுக வைத்தது வேறொன்று.

அந்தச் சம்பவத்துக்கு மூன்று மாதம் முன்னரே, இன்னொரு பாடசாலை ரீச்சர் இதே வழுவை எங்களிடம் சொல்லியிருந்தார். வட்ஸ்அப் குழுவில் இரண்டு நிமிடக் குரல் பதிவு. "கரண்ட் போய் வந்தாப் பிறகு பாத்தன், காலமை வந்த புத்தகம் ஒண்டும் அதில காணேல்லை" என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். தம்பி அதைப் பேருந்தில் கேட்டு ஒரு கட்டைவிரல் போட்டிருக்கிறார். தங்கச்சி அதைப் பார்த்து, அண்ணா பார்க்கிறார் என்று நினைத்திருக்கிறார். ஆசிரியர்களான நாங்கள், பிள்ளைகள் இரண்டு பேரும் பார்ப்பார்கள் என்று இருந்துவிட்டோம். அதன் மேல் காலை வணக்கப் படங்கள், ஒரு மரண அறிவித்தல், சுற்றுநிருபம், பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் வந்து விழுந்தன. குரல் பதிவு அடியில் போய்விட்டது. பிறகு குழுவில் சேர்ந்த ரீச்சருக்கு அந்தப் பழைய செய்தி வரவே இல்லை. அவருடைய நூலகத்தில்தான் அந்தப் பிள்ளை.

சொன்னவர் சரியாகச் சொன்னார், கேட்டவர்களும் கேட்டோம். அதை எழுதி வைக்க ஓர் இடம் இல்லாததால் ஒரு தாயின் ஒருநாள் கூலி மேசைக்கு வந்தது.

அடுத்த சனிக்கிழமை நூலக விறாந்தையில் கூடினோம். பேச்சு ஒன்றுதான்: இனிமேல் குறைகளை எங்கே பதிவது? சின்ன விஷயம் என்றுதான் நினைத்தோம். பிளேன்டீ மூன்று தடவை வந்து போனது, முடிவு வரவில்லை.

தம்பி கிட்ஹப் என்றார். நிரல் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு குறைக்கும் தானாக ஓர் எண் கிடைக்கும். யார் பொறுப்பு என்று பெயர் போடலாம். திருத்தியதும் அந்த எண்ணைக் குறிப்பிட்டு மூடலாம். நாலு வருடம் கழித்தும் தேடி எடுக்கலாம்.

பொறுப்பு ரீச்சர் விடவில்லை. "தம்பி, அதுக்கு ஈமெயில் வேணும், பாஸ்வேர்ட் வேணும், எல்லாம் இங்கிலீசில கிடக்கு. நான் போய் எழுதுவனெண்டு நினைக்கிறீரோ? வட்ஸ்அப்பில எண்டா சமைச்சுக்கொண்டே சொல்லிப்போடுவன்." அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கிட்ஹப்பில் கணக்குத் திறக்கக் குறைந்தது 13 வயது ஆக வேண்டும். தரம் 7 பிள்ளைக்கு 12. அதாவது பாதிக்கப்பட்ட பிள்ளையே அங்கே போய் "நான் கொடுத்தேன்" என்று எழுத முடியாது.

தங்கச்சி வேறொன்று சொன்னார். கிட்ஹப் ஒரு கம்பனியின் இடம். 2018இல் மைக்ரோசொஃப்ட் அதை 7.5 பில்லியன் டொலருக்கு வாங்கியது. 2019இல் அமெரிக்கத் தடைச் சட்டத்தின்படி ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய இடங்களில் இருந்தவர்களின் கணக்குகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. பொதுவில் திறந்திருந்தவை தப்பின, தனிப்பட்ட களஞ்சியங்கள் பூட்டப்பட்டன. ஈரானுக்கு அனுமதி கிடைத்தது 2021 ஜனவரியில்தான். "எங்களுக்கும் ஒரு நாள் அப்படி வந்தால்?" என்று கேட்டார். இடம்பெயர்ந்து, வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போன அனுபவம் அந்த விறாந்தையில் இருந்த எல்லா வீட்டுக்கும் இருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை.

பேர்லினில் பதிவுசெய்த இலாப நோக்கற்ற சங்கம் ஒன்று நடத்துகிற கோட்பேர்க் என்ற இடத்தை அவர் சொன்னார். அல்லது நாங்களே ஒரு சேர்வர் வைக்கலாம் என்றார். அதிபர் சேர் உடனே கேட்டார்: "சேர்வர் வைக்கலாம். நீர் படிச்சு முடிச்சு வேலைக்குப் போனாப் பிறகு அதை ஆர் பாக்கிறது?"

அங்கேதான் நாங்கள் கொஞ்சம் நிறுத்தி, மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் பார்க்க முடிவெடுத்தோம். அடுத்த சனிக்கிழமை ஆளுக்கொரு கதையோடு வந்தார்கள். உங்களுக்கும் சொல்கிறோம், ஏனென்றால் முதலாவது கதை எங்கள் நாட்டுடையது.

2004 டிசம்பர் 26 சுனாமி. முல்லைத்தீவுக் கரை என்ன ஆனது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்த நாட்களில் இலங்கைக் கணினித் துறைத் தொண்டர்கள் சேர்ந்து 'சஹனா' என்றொரு திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமல் போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, எங்கே என்ன தேவை என்ற பதிவு ஆகியவை அதன் முதல் பகுதிகள். லங்கா மென்பொருள் அறக்கட்டளை அதைப் பேணியது. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதும் அதற்குத்தான் கிடைத்தது.

அந்த சஹனா எத்தனை வீடு மாறியது தெரியுமா? தொடக்கத்தில் சோர்ஸ்ஃபோர்ஜ். பிறகு லோஞ்ச்பேட். பிறகு நிரல் கிட்ஹப்புக்குப் போனது. பைத்தனில் புதிதாக எழுதப்பட்ட 'ஈடன்' பதிப்பின் குறைகளுக்குத் தங்கள் சொந்தத் தளத்தில் ட்ராக் என்ற பதிவேட்டை வைத்தார்கள். இவ்வளவு பெரிய வேலைக்கே ஒரே இடம் நிலைக்கவில்லை.

இரண்டாவது கதை கூகுள் கோட். ஆயிரக்கணக்கான திட்டங்கள் தங்கள் நிரலையும் குறைப் பதிவுகளையும் அங்கே வைத்திருந்தன. 2015 மார்ச்சில் மூடப்போகிறோம் என்று அறிவித்தார்கள், 2016 ஜனவரியில் மூடினார்கள். பெரிய கம்பனியின் இடம் என்றால் எப்போதும் இருக்கும் என்பது உத்தரவாதமில்லை.

மூன்றாவது, பைத்தன். எங்கள் மென்பொருளை எழுதிய அதே மொழி. அவர்கள் பல வருடமாகத் தங்களுடைய சொந்தத் தளத்தில் குறைகளைப் பதிந்துவந்தார்கள். 2018இல் கிட்ஹப்புக்கு மாறலாமா என்று எழுத்தில் ஒரு முன்மொழிவு வந்தது. புதிதாக வருகிறவர்களிடம் ஏற்கெனவே அங்கே கணக்கு இருக்கிறது என்பது ஒரு பக்கம். கம்பனி ஒன்றிடம் எல்லாவற்றையும் கொடுப்பதா என்பது மறுபக்கம். 2019இல் ஏற்றுக்கொண்டார்கள். பதிவுகள் உண்மையில் மாறி முடிந்தது 2022 ஏப்ரலில். நாங்கள் இரண்டு சனிக்கிழமையில் முடிக்க நினைத்ததற்கு உலகத்தின் கெட்டிக்காரர்களுக்கு நாலு வருடம் எடுத்திருக்கிறது. இதைக் கேட்டதும் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நாலாவது, டெபியன். அவர்களின் பதிவேட்டுக்குக் கணக்கே தேவையில்லை. ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் எண் கிடைக்கும். குறை சொல்ல வருகிறவரிடம் "நீ யார், முதலில் பதிவு செய்" என்று கேட்பதில்லை. பொறுப்பு ரீச்சருக்கு இது நன்றாகப் பிடித்தது.

ஐந்தாவது, எஸ்கியூலைட். எங்கள் பதிவுகள் இருக்கிற அதே எஸ்கியூலைட்டை உருவாக்கியவர், நிரலையும் குறைப் பதிவுகளையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கிற 'ஃபொசில்' என்ற கருவியையும் உருவாக்கி, அதையே தன் வேலைக்கு வைத்திருக்கிறார். இதைக் கேட்டபோதுதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. கிட் மூலம் நிரலைப் பிரதி எடுத்தால், முதல் நாளில் இருந்து நடந்த எல்லா மாற்றங்களும் அந்தப் பிரதியோடு வரும். எத்தனை கணினியில் பிரதி இருக்கிறதோ அத்தனை பாதுகாப்பு. ஆனால் கிட்ஹப்பில் எழுதுகிற குறைப் பதிவுகள் அந்தப் பிரதியோடு வராது. அவை அந்தத் தளத்தில் மட்டும் இருக்கும். வீடு மாறும்போது தளபாடங்களை ஏற்றிவிட்டு, கடிதப் பெட்டியை விட்டுவிட்டு வருவது போல.

தமிழில் குறை எழுதினால் சரிவருமா என்ற சந்தேகமும் இருந்தது. தமிழ்நாட்டில் கணியம் அறக்கட்டளைக்காரர் தங்கள் திட்ட யோசனைகளைக் கிட்ஹப்பின் பதிவேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். தளத்தின் பொத்தான்கள் ஆங்கிலத்தில் இருக்கும். உள்ளே எழுதுவது எங்கள் கையில்.

இவ்வளவும் பேசியபிறகு அதிபர் சேர் வாய்க்கால் கதையைச் சொன்னார். இரணைமடுத் தண்ணீரில் செய்கை பண்ணுகிறவர்களுக்கு இது தெரியும். வாய்க்காலில் தண்ணீர் சரியாக வருகிறதா என்று தலைப்பில் காணி வைத்திருப்பவரிடம் கேட்டால் "நல்லா வருது" என்பார். கடைசிக் காணிக்காரரிடம் போய்க் கேட்டால்தான் உண்மை தெரியும். ஆனால் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அவர் குரல் கேட்க வேண்டும், கேட்டது கூட்டறிக்கையில் எழுதப்படவும் வேண்டும். எழுதாவிட்டால் அடுத்த போகத்தில் "அப்படி ஒருவரும் சொல்லவில்லையே" என்பார்கள்.

"உங்கட பதிவேட்டுக்கும் கடைசிக் காணிக்காரர் ஆரெண்டு முதல்ல பாருங்கோ. அந்தப் பிள்ளைதானே?" என்றார்.

அதோடு முடிவு வந்தது. நாங்கள் இரண்டு கேள்வியை ஒன்றாகக் குழப்பியிருந்தோம். குறையை எங்கே சொல்வது என்பது ஒன்று. எங்கே வைத்திருப்பது என்பது வேறொன்று. சொல்கிற இடம் சொல்பவருக்குக் கிட்ட இருக்க வேண்டும். வைத்திருக்கிற இடம் திருத்துபவருக்குக் கிட்ட இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நடக்க வேண்டியது எங்கள் கால்கள்.

இப்போது இப்படிச் செய்கிறோம்:

மூன்று நூலகங்களிலும் மேசையில் ஒரு 80 பக்கக் கொப்பி கயிற்றில் கட்டியிருக்கிறது. பெயர் குறைக் கொப்பி. ரீச்சரும் எழுதலாம், பிள்ளையும் எழுதலாம். நாலு கேள்விதான்: என்ன செய்தீர்கள்? என்ன நடந்தது? என்ன நடந்திருக்க வேண்டும்? கரண்ட் இருந்ததா?

வட்ஸ்அப்பில் சொல்ல விரும்புகிறவர் சொல்லலாம். ஆனால் கட்டைவிரல் போடுவது தடை. கேட்டவர் அதைக் கொப்பியில் எழுதிப் படம் எடுத்துப் போட வேண்டும்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்களில் ஒருவர் முறை வைத்து, கொப்பியில் இருப்பதைக் கிட்ஹப்பில் தமிழில் ஏற்றுகிறோம். கிடைக்கிற எண்ணைத் திரும்பவும் கொப்பியில் சிவப்புப் பேனையால் எழுதுகிறோம். சிவப்பு எண் வராத குறை எங்கள் கடன். திருத்தியதும் பக்கத்தில் திகதி போடுகிறோம். எழுதிய பிள்ளை வந்து பார்க்கலாம்.

பிள்ளைகளின் பெயர் கொப்பியோடு நிற்கும். உலகம் பார்க்கிற பக்கத்தில் "ஒரு மாணவி" என்று மட்டும் எழுதுவோம். எந்தப் பிள்ளை எந்தப் புத்தகம் கொடுக்கவில்லை என்று ஊருக்குச் சொல்வது எங்கள் வேலை இல்லை.

மாதக் கடைசியில் தங்கச்சி எழுதிய ஒரு சிறு கட்டளை, கிட்ஹப்பில் உள்ள குறைப் பதிவுகளை எல்லாம் இறக்கி நிரலோடேயே ஒரு கோப்பாகச் சேர்த்துவிடும். ஒரு பிரதி பென்டிரைவில் நூலக அலுமாரிக்குள். நாளைக்குக் கிட்ஹப் கதவை மூடினாலும் கோட்பேர்க்குக்கோ வேறெங்கோ எடுத்துக்கொண்டு போகலாம். கணக்கின் சாவியும் ஒருவரிடம் மட்டும் இல்லை, மூன்று பேரிடம்.

இது சரியான முறைதானா? குறையும் உண்டு. சனிக்கிழமை வரை குறை காத்திருக்கிறது. பரீட்சைக் காலத்தில் ஒரு சனிக்கிழமை தவறியும் விட்டது. ஒரே வேலையை இரண்டு தரம் எழுதுவது வீண் என்று தம்பி இன்னும் சொல்கிறார். அவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் அந்த இரண்டாம் தரம் எழுதும்போதுதான் ஒரு குறையை நாங்கள் ஒழுங்காக வாசிக்கிறோம். ஒருவர் எங்களிடம் வந்து ஒரு குறை சொன்னால் அது அமானிதம். கேட்டதோடு கடமை முடிந்துவிடுவதில்லை.

இனி அந்தப் பிள்ளை.

வழுவைத் திருத்திய அன்றே, நாங்கள் நாலு பேர் அவளுடைய வீட்டுக்குப் போனோம். காசைத் தாயிடம் திருப்பிக் கொடுத்தோம். தாய், "பரவாயில்லை சேர், தெரியாமல் நடந்ததுதானே" என்றார். பிள்ளை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பிழை எங்கட. நீங்கள் உண்மை சொன்னீங்கள். கொம்பியூட்டர்தான் பொய் சொன்னது, அதை அப்பிடிச் சொல்ல வச்சது நாங்கள்" என்று சொன்னோம். அவள் ஒன்றும் பேசவில்லை. எங்களுக்கும் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு மாதம் வரைக்கும் அவள் நூலகத்துக்கு வரவில்லை. பிறகு ஒரு நாள் சினேகிதியோடு வந்தாளாம். புத்தகம் எடுக்கவில்லை. கொப்பியைப் புரட்டிப் பார்த்தாள். பென்சிலால் ஒன்று எழுதிவிட்டுப் போய்விட்டாள். சனிக்கிழமை நாங்கள் பார்த்தோம். எங்கள் நாலு கேள்விக்கும் பதில் இல்லை. ஒரே ஒரு வரி:

"புத்தகம் திருப்பிக் குடுத்தால் எங்களுக்கும் ஒரு துண்டு தர வேணும்."

அவ்வளவு பேர் கூடி, சஹனாவில் இருந்து பைத்தன் வரைக்கும் பேசிய எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. பதிவு எங்களிடம் மட்டும் இருந்தது, அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை. கடையில் ஒரு கிலோ சீனி வாங்கினாலும் துண்டு தருகிறார்கள். அன்று அவள் கையில் அந்தத் துண்டு இருந்திருந்தால், தாய் முந்தானையை அவிழ்த்திருக்க மாட்டார்.

கிட்ஹப்பில் அதற்குக் கிடைத்த எண் 14. சொல்லை மாற்றாமல் அப்படியே ஏற்றினோம். தம்பி கொழும்பில் இருந்து இரண்டு இரவு வேலை செய்தார். அச்சிடும் கருவி இல்லாத நூலகத்துக்கு, திரையில் வருகிற ஓர் இலக்கத்தை ரீச்சர் சின்னத் துண்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற மாதிரிச் செய்தோம். கொப்பியில் அவள் எழுதிய வரிக்குப் பக்கத்தில் சிவப்பில் 14, அதற்குப் பக்கத்தில் முடிந்த திகதி.

போன கிழமை அவள் ஒரு புத்தகம் எடுத்திருக்கிறாள் என்று ரீச்சர் சொன்னார். கணினியிலும் இருக்கிறது, நாங்கள் பார்த்தோம்.

உறவுகளே, உங்கள் பாடசாலையிலோ, பள்ளிவாசல் நூலகத்திலோ, கோயில் அறநெறி வகுப்பிலோ, வாசிகசாலையிலோ இந்த மென்பொருள் பயன்படும் என்றால் கேளுங்கள், வந்து போட்டுத் தருகிறோம். காசு வேண்டாம். ஆனால் ஒரு 80 பக்கக் கொப்பியும் ஒரு கயிறும் நீங்கள் வாங்கி வைக்க வேண்டும். எங்கள் வேலையில் குறை கண்டால் கருத்துப் பகுதியிலும் எழுதலாம். சனிக்கிழமைக்குள் அதற்கும் ஓர் எண் வரும், இன்ஷா அல்லாஹ்.